கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம்

மாதம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறீர்கள். பக்கத்து மனையில் புதர் மண்டிவிட்டது, பாம்பு வருகிறது, கொசு வருகிறது, மனுவை யாருக்குக் கொடுப்பது, நகல் யாருக்கு அனுப்புவது என்று. ஓய்வு பெற்றாலும் நம்மவர்களுக்கு மனு ஆசை விடுவதில்லை. முப்பத்தைந்து வருடம் பிறர் எழுதியதை வாங்கி முத்திரை குத்திய கைகள், இப்போது நாமும் ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று அரிக்கின்றன. வழி சொல்லாமல் நான் பேச்சை மாற்றுவதாக நம் ஓய்வூதியர் சங்கத்தின் போன கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். உண்மைதான். வழி எனக்கு நன்றாகவே தெரியும். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனுவே இந்தப் பொருளில்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அறுபதுகளின் தொடக்கம். பனியன் ஊரான எங்கள் ஊரில் ராயபுரத்தைத் தாண்டி, வீடுகள் முடிந்து உழவுக் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பா சலவைப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிணறு, இரண்டு சிமெண்ட் தொட்டி, இருபது கயிறு. பனியன் கம்பெனி கொடுக்கிற பழுப்புத் துணியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணி குழாய் குழாயாக இருக்கும். காற்று உள்ளே புகுந்தால் கயிற்றில் வெள்ளைப் பன்றிகள் வரிசையாகத் தொங்குவது போல உப்பும். அம்மாவின் விரல்கள் வெடித்துப் போயிருக்கும். அவள் பிசைந்து கொடுத்த சோற்றில்கூடப் பவுடர் வாசனை வரும். நாங்கள் தலை வைத்துப் படுத்த தலையணைக்குள் பஞ்சு கிடையாது, பனியன் வெட்டிய கழிவுதான். காது வைத்தால் உள்ளே ஏதோ நகர்வது போல இருக்கும்.

காய்ந்த துணியை மடித்து அடுக்கத் தெருவில் தொடங்கி உள்ளே நீளும், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பத்தடி அகலம், ரயில் பெட்டி போல நீளம். அதன் ஒரு பக்கச் சுவருக்கு அடுத்து கிளுவை வேலி. கிளுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குச்சியை ஒடித்து நட்டாலே முளைத்துக்கொள்கிற, முள்ளுள்ள உயிர்வேலி. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததைத் தோட்டம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர்: அதன் சொந்தக்காரரும் அவர் மனைவியும். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டிக் குடியேறியவர்கள், பிள்ளைகள் இல்லை, இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தோட்டத்துக்காரர், தோட்டத்தம்மா என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல.

அரை ஏக்கர் இருக்கும். சூரை முள், உண்ணிச் செடி, ஆளுயர ஆமணக்கு, எல்லாவற்றின் மேலும் போர்த்திய கோவைக்கொடி. நடுவில் ஒரு கிணற்று மேடு இருந்ததாம், நான் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் உண்ணிச் செடியின் காட்டமான நாற்றம் வேலி தாண்டி வந்து எங்கள் பவுடர் நாற்றத்தோடு மோதும். மோதலில் பெரும்பாலும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

சண்டை நாற்றத்தால் வரவில்லை. குருவியால் வந்தது.

சூரைப்பழம் பழுத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் கூட்டமாக வந்து தின்னும். தின்றுவிட்டு, உட்காரத் தோதாக எங்கள் கயிறுகள் இருந்தன. கீழே வெள்ளைத் துணி. ஊதாவும் சிவப்புமாகச் சொட்டுச் சொட்டாகக் கறை. அந்தக் கறையை எடுக்க இன்னொரு முறை பவுடரில் போட வேண்டும். இரண்டாம் முறை போட்ட துணி இற்றுப்போகும். தையல் மெஷினில் வைத்து இழுத்தால் துணி கிழிந்து விரல் உள்ளே போய்விடும். அந்த வருடம் கம்பெனி மேஸ்திரி ஒரு மூட்டைத் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

"இது என்னங்க, பனியனுங்களா, ஹோலிப் பண்டிகைங்களா?" என்றார் அப்பாவிடம். "இன்னொருக்கா இப்பிடி வந்துச்சுன்னா வேற பட்டறைக்குக் குடுத்தர்றோமுங்க. சொல்லிப்போட்டேன்."

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கம்பெனிதான். அது போனால் தொட்டிகளில் நாங்கள் குளிக்கலாம், அவ்வளவே.

அன்று மாலை அம்மா வேலி ஓரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் தோட்டத்தம்மா கோவை இலை பறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் சண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு 'ங்க' சேரும் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது.

"ஏனுங்க, உங்க குருவியெல்லாம் எங்க துணி மேலதானுங்க வந்து பேளுது."

"எங்க குருவிங்களா? நாங்க வளக்கறதில்லீங்களே. வந்தா சொல்லிப் பாக்கறனுங்க."

"அந்தப் பொதரைக் கொஞ்சம் வெட்டினா என்னங்க? கை தேஞ்சு போகுங்களா?"

"உள்ள மாடு போக முடிஞ்சா வெட்டி ஏரே ஓட்டிருவமுங்க."

"சொந்தத் தோட்டத்துக்குள்ள போக முடியாதவிகளை இப்பத்தானுங்க பாக்கறேன்."

"நானுந்தானுங்க," என்றாள் தோட்டத்தம்மா. பறித்த இலையை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சோம்பேறிக்கு வாய் மட்டும் குறைவில்லை என்று அம்மா வந்து சொன்னாள். அந்தப் பதிலை நாங்கள் யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மனுவே தேவைப்பட்டிருக்காது.

அதன் பிறகு அப்பா தகர டப்பாவைத் தட்டிக் குருவி விரட்டினார். கல் விட்டார். ஒரு கல் அவர்கள் வீட்டுக் கூரை ஓடு ஒன்றை உடைத்தது. மறுநாள் காலையில் உடைந்த ஓட்டின் இரண்டு துண்டும் எங்கள் வாசல் கல்லின் மேல் ஒன்றோடொன்று பொருத்தி வைக்கப்பட்டிருந்தன.  இன்னொரு நாள் துணி மூட்டைக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு. அப்பா அதை அடித்து, அவர்கள் பார்க்கும்படி வேலி மேல் போட்டார். காற்று மேற்கிலிருந்து அடித்ததால் இரண்டு நாளும் நாற்றம் எங்களுக்குத்தான் வந்தது. அப்பா அதற்கும் அவர்களையே திட்டினார்.

பிறகுதான் மனு. அப்பா மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்து என்றால் நான்தான். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இத்தனை கையெழுத்து என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், அன்று தானே கடைக்குப் போய் முழுத்தாளும் புது நிப்பும் வாங்கிவந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அமைப்பைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதினேன். அனுப்புநர் இடது பக்கம், பெறுநர் அதற்குக் கீழே, பொருள் ஒரே வரியில். இன்றைக்கு நீங்கள் எழுதுவதைவிட ஒழுங்காக இருந்தது என்று தைரியமாகச் சொல்வேன். அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார்.

"எழுது அம்மிணி. மேற்படியார் தமது சோம்பேறித்தனத்தால்..."

"அந்த வார்த்தை வேண்டாம்ப்பா. வாத்தியார் 'கவனிப்பின்மையால்'னு சொன்னார்."

"வாத்தியார் துணியிலயா குருவி பேண்டுச்சு? எழுது."

எழுதினேன். அந்தப் பெரிய வார்த்தையைத் தப்பில்லாமல் எழுதியதில் எனக்குப் பெருமைகூட. கடைசியில் அப்பா இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். வேலி ஆண்டுக்காண்டு தடித்து எங்கள் பக்கம் நகர்ந்து வருகிறது, ஆகவே நில அளவர் நேரில் வந்து அளந்து எல்லை காட்ட வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருப்பேன்.

முதலில் சுகாதார ஆய்வாளர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார், போனார். பதினைந்து நாளில் புதரை அகற்ற வேண்டும் என்று அவர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அப்பா தினமும் தெருவில் இறங்கி அந்த நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பத்து நாள் போனது. ஒரு கிளைகூட வெட்டப்படவில்லை. "திமிரு," என்றார் அப்பா மகிழ்ச்சியோடு. பதினோராம் நாள் சர்வேயர் வந்தார்.

சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள், சுருட்டிய வரைபடம், ஒரு குடை. அன்று பள்ளிக்கூடம் இல்லை. நான் கூடவே திரிந்தேன். தோட்டத்துக்காரர் தோளில் துண்டோடு தன் வாசலில் நின்றார். கூப்பிடாமல் கிட்டே வரவில்லை. தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலியை நீட்டி அளந்துகொண்டே வந்த சர்வேயர், எங்கள் கொட்டகைச் சுவரில் வந்து முட்டிக்கொண்டார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க ஒரு கல் இருக்கணுமே. எடுத்துட்டீங்களா?"

"இங்க ஏதுங்க கல்லு? நான் கொட்டாய் போட்டு நாலு வருசமாச்சுங்க," என்றார் அப்பா.

கொட்டகைக்குள், எங்கள் வீட்டை ஒட்டிய மூலையில், தண்ணீர்ப் பானை வைத்திருந்த ஒரு கல் உண்டு. பானையை இறக்கிவிட்டு அதன் மேல் நான் புளியங்கொட்டை உடைப்பேன். கல்லின் தலையில் ஒரு கூட்டல் குறி வெட்டியிருக்கும். கொட்டை உருளாமல் அதில் நிற்கும். கணக்கில் நான் கெட்டிக்காரி. சர்வேயர் கையில் இருந்த வரைபடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கூட்டல் குறி போட்டிருந்ததைப் பார்த்தேன்.

"சார், பானைக்கு அடியில ஒரு கல்லு இருக்குது. அதுலயும் கூட்டல் குறி இருக்குது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவருக்கு அந்தக் கல் என்னவென்று தெரியுமா, தெரியாதா? கேட்கிற தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

சர்வேயர் பானையைத் தூக்கி வைத்தார், கல்லைத் துடைத்தார், அளந்தார், எழுதினார். அந்தக் கல்தான் எல்லை. வேலி எங்கள் பக்கம் ஓர் அங்குலம் நகரவில்லை. எங்கள் கொட்டகைதான், முழுக்க முழுக்க, தோட்டத்துக்காரர் நிலத்தில் நின்றது.

"எப்படிங்க? வேலி அங்க இருக்குது, கொட்டாய் வேலிக்கு இந்தப் பக்கமல்லங்க இருக்குது!" அப்பாவின் குரல் ஏறியது.

அப்போதுதான் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, எங்கள் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"காட்டுக்காரன் எவனும் அத்து மேல, எல்லைக்கல்லு மேலயே, வேலி நட மாட்டானுங்க," என்றார் சர்வேயரைப் பார்த்து. "வெளிய ஒரு தடம் உட்டு உள்ளதான் நடுவமுங்க. வேலி வெட்ட நிக்க எடம் வேணும், வண்டி மாடு போக எடம் வேணும். இது எங்க தடமுங்க. ஊடு தெருவை அடைச்சு நிக்குது, மாடு ஊட்டுக்குள்ள நொழைய முடியாது. இந்தத் தடத்துல போயி, அதோ அந்த மூலைல படல் இருக்குது, அதுல திரும்பித்தானுங்க தோட்டத்துக்குள்ள போகோணும்."

முள்ளுக்குள் எங்கோ ஒரு மூங்கில் படல் மக்கிக்கொண்டிருந்தது அன்றுதான் கண்ணில் பட்டது.

எங்களுடையது சலவைக்கு வந்த தறிக்காரக் குடும்பம். எங்களுக்கு நிலம் என்றால் பாவு நீட்டுகிற இடம். வேலி என்றால் எல்லை என்று நினைத்தோம். அந்த ஊரில் ஓர் உழவர் வீட்டுக் குழந்தைகூடச் செய்யாத தவறு அது.

"கொட்டாய் போடறப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் சர்வேயர்.

"கேட்டனுங்களே. கல்லு எறக்கற அன்னிக்கு வந்து, 'ஏனுங்க, இதுலயா கட்டறீங்க?'ன்னு கேட்டேன். 'ஆமாங்க'ன்னாங்க. 'செரீங்க'ன்னுட்டு வந்துட்டேன். அதுக்கு மேல எப்பிடிங்க கேக்கறது?"

"மம்முட்டியில கொத்தியிருக்கலாமில்லீங்க," என்றார் அப்பா. 

"ரெண்டு வருசம் கொத்தினோமுங்க, நானும் அவளும். அப்பறம் முடியலீங்க."

ஆக்கிரமிப்பை அகற்ற மனுக் கொடுத்தால் தான் அறிக்கை எழுதுவதாகச் சர்வேயர் சொன்னார்.  தோட்டத்துக்காரர் எங்கள் மனுவை முதலில் படித்துக் காட்டச் சொன்னார். சர்வேயர் படித்தார். 'சோம்பேறித்தனத்தால்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. தோட்டத்துக்காரர் கை நீட்டித் தாளை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெகு நேரம் பார்த்தார்.

"இது ஆரு எழுதுனது?"

 எப்போதும்போல என் விரலில் மசி இருந்தது.

"எழுத்து வரிசையா இருக்குது, நாத்து நட்டாப்பல," என்றார் என்னிடம். பிறகு சர்வேயரிடம் திரும்பினார். "இடிக்க வேண்டாமுங்க. எனக்கு நோட்டீசு உட்டிருக்காங்க, இன்னும் நாலு நாளுதான் இருக்குது. மாடு உள்ள போகோணும். கொட்டாய்க்கு முன்னால கதவு இருக்குது. பின்னாலயும் ஒண்ணு வெச்சு உட்டாங்கன்னா மாடு இதுக்குள்ளயே போயிரும். வருசத்துக்கு ரெண்டு ஒழவு. அவ்வளவுதானுங்க."

அப்படியே வாக்குமூலம் எழுதப்பட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார், அவர் கைநாட்டு வைத்தார்.

பெருந்தன்மை என்று நினைப்பீர்கள். நானும் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன். இடித்திருந்தால் அப்பா ஒரு முறை தோற்றிருப்பார். இது வருடத்துக்கு இரண்டு முறை.

நான்காம் நாள் காலை மாடுகள் வந்தன. அப்பா பின்சுவரை இடித்து வழி விட்டிருந்தார். அம்மா துணி மூட்டைகளை எல்லாம் பரண் மேல் ஏற்றி, மிச்சத்தைச் சாக்கால் மூடியிருந்தாள். இரண்டு காங்கேயம் காளைகள், ஒன்றின் பின் ஒன்றாக, கழுத்து மணி தகரக் கூரையில் எதிரொலிக்க எங்கள் கொட்டகைக்குள் நடந்தன. பின்னால் கலப்பையைத் தோளில் சாய்த்தபடி தோட்டத்துக்காரர். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா பார்ப்பதற்கு அங்கே இல்லை. கிணற்றடியில் முதுகு காட்டி நின்றார். கொட்டகை நடுவில் இரண்டாவது காளை நின்று, வாலைத் தூக்கியது. தோட்டத்தம்மா கூடையோடு ஓடிவந்து, சாணி தரையில் விழுமுன் ஏந்திக்கொண்டாள்.

"வெள்ளைத்துணி இருக்கற எடமுங்க," என்றாள் அம்மாவிடம். "கறை ஆச்சுன்னா மனுக் குடுத்துருவாங்க."

அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஒரு மாதத்தில் அங்கே புதர் இல்லை. கிணற்று மேடு தெரிந்தது. மிளகாயும் கத்தரியும் அவரையும் வந்தன. குருவிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின. துணியில் கறை இல்லை, கம்பெனி தங்கியது. மனுவில் கேட்டது அத்தனையும் கிடைத்தது. அரசாங்கத்தில் இது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் காய்த்துத் தொங்கிய கத்தரிக்காயில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவாள். வருடத்துக்கு இரண்டு காலை, மணிச் சத்தம் தெருவில் கேட்டதும் அப்பா கிணற்றடிக்குப் போய்விடுவார். பன்னிரண்டு வருடம் இப்படி.

தோட்டத்துக்காரர் இறந்தபோது நான் தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். கருமாதி முடிந்த அன்று மாலை அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காயிதம் இன்னும் செல்லுமா அம்மிணி?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாக்குமூலம் பதிவு செய்யப்படவில்லை. அந்த வகைக் கோப்பைப் பத்து வருடத்தில் கழித்துவிடுவார்கள், இப்போது இருக்காது. இருபது வருடம் வழியாக அனுபவித்திருந்தால் வழி உரிமை வந்திருக்கும்; இன்னும் இருபது ஆகவில்லை. நல்ல அலுவலர் சொல்வதுபோல ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னேன். நிலமே அவர்களுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் பின்கதவு இருந்த இடத்தில் செங்கல் ஏறியது. ஆடியில் தோட்டத்தம்மாவுக்காக மாடு பிடித்துக்கொண்டு வந்த கூலியாள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த வருடம் வேலிக்கு மேல் ஆமணக்குத் தலை காட்டியது. சூரை பழுத்தது. குருவிகள் வந்தன. கயிற்றுத் துணியில் ஊதாச் சொட்டுகள். இந்த முறை அப்பா மனு எழுதச் சொல்லவில்லை.

சொன்னது தோட்டத்தம்மா. ஒரு மாலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். அவள் தன் வாசலில் நின்றிருந்தாள். பதினான்கு வருடத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசியது அந்த ஒரு முறைதான். மடியிலிருந்து, நாலாக மடித்த முழுத்தாள் ஒன்றை எடுத்தாள். வெற்றுத் தாள். கடையில் வாங்கி எத்தனை நாள் வைத்திருந்தாளோ, மடிப்பு அழுக்காகியிருந்தது.

"கண்ணு, உன்ற எழுத்து நல்லா இருக்கும்னு அவிக சொல்லிக்கிட்டே இருப்பாக. மாடு போறதுக்கு வழி உடச் சொல்லி எனக்கொரு மனு எழுதிக் குடு சாமி. உங்கப்பன் பேரைக்கூடப் போட வேண்டாம்."

நான் தாளை வாங்கவில்லை. அரசு ஊழியர் பிறருக்கு மனு எழுதிக் கொடுக்கக் கூடாது, விதி இருக்கிறது என்றேன்.

"அப்பிடிங்களா," என்றாள். அதுவரை ஒருமையில் பேசியவள், அந்தச் சொல்லிலிருந்து எனக்கும் 'ங்க' போட்டாள். "செரீங்க. விதின்னா என்னங்க பண்றது?" தாளை மறுபடி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படி ஒரு விதி கிடையாது. உங்களுக்கும் அது தெரியும்.